பார்க்கின்சனுக்குக் கொட்டிய பணமெல்லாம் எங்கே போச்சு?

2025 பிப்ரவரி 9 (கேள்வி)

"நடுக்கமும் விறைப்பும் தரும் பார்க்கின்சன் நோயை நிறுத்தும் என்று நம்பிய, சர்க்கரை நோய்க்கான எக்ஸெனடைடு ஊசியும் ஊத்திக்கிட்டது. 1967ல் வந்த லெவோடோபா மாத்திரையைத்தான் இன்னும் விழுங்கிக்கொண்டிருக்கிறோம். இந்த நோய் வந்த நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸின் அறக்கட்டளை மட்டும் 200 கோடி டாலருக்கு மேல் ஆராய்ச்சிக்குக் கொடுத்தாயிற்று. கூகுளைத் தொடங்கிய செர்கேய் பிரின் தன் பங்குக்கு 100 கோடிக்கு மேல். இன்றுவரை நோயை நிறுத்தும் மருந்து ஒன்றுகூட இல்லை. இனி ஆராய்ச்சிக்கு ஒரு காசு தரமாட்டேன், பராமரிப்புக்கு மட்டும்தான். நான் நினைப்பது தப்பா?"

பிப்ரவரி 9, இரவு

தப்பே இல்லை, பராமரிப்புக்குக் கொடுக்கிறவரைத் தடுத்தால் பாவம். ஆனால் நீங்கள் சொல்லும் காரணம்தான் எனக்கு ஒட்டவில்லை. சோதனை தோற்றது என்பதும் பணம் வீணானது என்பதும் ஒன்றல்ல.

2017ல் லண்டனில் ஏறக்குறைய அறுபது பேரை வைத்துச் செய்த சின்னச் சோதனையில் எக்ஸெனடைடு பலன் தருவதுபோலத் தெரிந்தது. அதை வைத்துக்கொண்டு எத்தனை பேர் அந்தச் சர்க்கரை நோய் ஊசியைத் தேடி அலைந்தார்கள் தெரியுமா? அம்மாவுக்காக நானும் கேட்டேன், "பொறுங்கள்" என்றார் மருத்துவர். இப்போது 194 பேர், 96 வாரம், யாருக்கு மருந்து யாருக்கு வெறும் ஊசி என்று கொடுப்பவருக்கும் தெரியாத முறையில் பெரிய சோதனை முடிந்து, பயனில்லை என்று வந்துவிட்டது. வேண்டாத பதில்தான், ஆனால் பதில். இது வராமல் இருந்திருந்தால் இன்னும் பத்து வருஷம் ஊசி போட்டுக்கொண்டு, பசியும் எடையும் குறைந்து, பார்க்கின்சனில் ஏற்கெனவே இளைத்துப்போகிறவர்கள் இன்னும் இளைத்திருப்பார்கள்.

என் எரிச்சல் வேறு. முதல் முடிவுக்கும் கடைசி முடிவுக்கும் நடுவில் ஏழரை வருஷம். (கணக்கே அப்படித்தான் வருகிறது, சனியை நான் இழுக்கவில்லை.) சட்டைப் பொத்தான் போடத் திணறுகிற ஆள் படுக்கையில் புரளத் திணறுகிற நிலைக்கு வர அது போதும்.

பிப்ரவரி 11

"1967ல் வந்த லெவோடோபா" என்று எழுதியிருந்தீர்களே, அந்தக் கதையை முழுசாகப் பார்த்தால் உங்கள் கேள்விக்கே பாதி பதில் கிடைக்கும்.

1957ல் ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரிசர்பின் கொடுத்தார். ரத்த அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் கொடுத்துவந்த மருந்து அது. முயல்கள் அசையாமல் துவண்டு கிடந்தன. லெவோடோபா ஏற்றியதும் கொஞ்ச நேரத்தில் எழுந்து நடமாடின. லெவோடோபாவிலிருந்து உருவாகும் டோபமைன் என்ற ரசாயனத்துக்கு மூளையில் தனி வேலை இருக்கிறது என்று அவர் சொன்னபோது நம்பாதவர்களே அதிகம். 1960ல் வியன்னாவில் எரிங்கரும் ஹார்னிகீவிச்சும் இறந்த நோயாளிகளின் மூளைகளை எடுத்து, டோபமைன் அங்கே வற்றிப்போயிருப்பதைக் காட்டினார்கள். அடுத்த வருஷம் ஹார்னிகீவிச், பிர்க்மாயர் என்ற மருத்துவரோடு சேர்ந்து நோயாளிகளுக்கு லெவோடோபாவை ஊசியாகப் போட்டுப் பார்த்தார். எழுந்தார்கள், ஆனால் கொஞ்ச நேரத்துக்குத்தான். 1967ல் ஜார்ஜ் கோட்சியாஸ் அளவை மெல்ல மெல்லக் கூட்டி, வாய்வழியாகவே கொடுத்தபோதுதான் அது மருந்தானது. 1970ல் அமெரிக்காவில் அனுமதி.

இதில் எனக்குப் பிடித்த இடம் எது என்றால், கோட்சியாஸ் வேலை பார்த்தது புரூக்ஹேவன் ஆய்வகத்தில். அன்றைக்கு அது அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் கையில் இருந்தது. அவர் ஆராய்ந்துகொண்டிருந்தது சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரும் மாங்கனீசு விஷம். ஆக இன்றைக்கு நாம் எல்லோரும் விழுங்குகிற மாத்திரையின் பின்னால் ரத்த அழுத்தக் காசு இருக்கிறது, அணுசக்திக் காசு இருக்கிறது. "பார்க்கின்சன்" என்று பெயர் எழுதிய காசு அதில் எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அமான்டடைன்? சளிக்காய்ச்சலுக்காகச் சாப்பிட்ட ஒரு பெண்மணி, நடுக்கமும் விறைப்பும் குறைந்ததாக மருத்துவரிடம் சொன்னார், 1969ல் கட்டுரையாக வந்தது. மூளைக்குள் மின்கம்பி வைத்து நடுக்கத்தை அடக்கும் ஆழ்மூளைத் தூண்டல்? 1987ல் பிரான்சின் கிரெனோபிளில் பெனாபிட் என்ற அறுவை மருத்துவர் நடுக்கத்துக்கு அறுவை செய்யும்போது, சரியான இடம்தானா என்று பார்க்க மின்கம்பியால் தூண்டினார். அலைவேகத்தைக் கூட்டினால் நடுக்கம் அப்படியே நின்றது. பிறகு எம்.பி.டி.பி. என்ற நச்சின் கதை: 1982ல் கலிபோர்னியாவில், கள்ளத்தனமாகக் காய்ச்சியதில் அந்த நச்சு கலந்துவிட்ட போதைப்பொருளைப் போட்டுக்கொண்ட இளைஞர்கள் சிலர் ராவோடு ராவாக அசையமுடியாமல் உறைந்துபோனார்கள். நரம்பியல் மருத்துவர் லாங்ஸ்டன் அவர்களைப் பார்த்துத் துப்புத் துலக்கியதால்தான் குரங்குகளில் நோயை உண்டாக்கி ஆராயும் வழி கிடைத்தது. யாருமே இதற்கு நிதி கேட்டு விண்ணப்பம் போட்டிருக்க முடியாது.

பிப்ரவரி 12

நேற்று எழுதியதைப் படித்தால், "எதையாவது ஆராயட்டும், காசைக் கொடு, ஏதாவது தானாகக் கிடைக்கும்" என்கிற மாதிரி இருக்கிறது. விஞ்ஞானிகள் இந்தக் கதைகளை அடிக்கடி சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன், கேள்வி கேட்காமல் காசு வாங்க வசதி. தற்செயலாகக் கிடைக்காமல் போனவற்றின் பட்டியலை யாரும் எழுதி வைப்பதில்லையே. எனவே கொஞ்சம் சந்தேகத்தோடே படிக்கவும்.

பிப்ரவரி 20

"அப்படியானால் உண்மையில் எதில் பணம் பற்றாக்குறை?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். என் பதில்: அளப்பதில். நோயை அளக்கத் தெரியாமல் மருந்தைச் சோதித்துக்கொண்டிருக்கிறோம்.

அம்மா ஒரு சோதனையில் கலந்துகொண்டார் (எக்ஸெனடைடு இல்லை, வேறு). அங்கே அளப்பது எப்படி என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். முந்தின ராத்திரியிலிருந்து மாத்திரை கூடாது. காலையில் விறைத்துப்போன உடம்போடு அழைத்துக்கொண்டு போகவேண்டும். முதலில் சம்மதப் படிவம், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்து. முதல் பக்கத்தில் பெயர் முழுசாகத் தெரிந்தது. போகப்போக எழுத்து சிறுத்து, நடுவில் எறும்பு வரிசை மாதிரி ஆகி, கடைசிப் பக்கத்தில் வெறும் கோடு. பிறகு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொல்வார்கள். வேகம், அகலம், தயக்கம் பார்த்து 0 முதல் 4 வரை ஒரு எண். ஒரு முறை செவிலியர் 2 போட்டார். அடுத்த முறை வேறு ஒருவர், 1. அம்மா தேறிவிட்டார் என்று நான் சந்தோஷப்பட்டேன். அம்மாதான் சொன்னார்: "நான் அப்படியேதான் இருக்கேன், ஆள்தான் மாறியிருக்கு."

இந்த எண்களைக் கூட்டித்தான் மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று முடிவாகிறது. பெரிய மாற்றம் என்றால் இது போதும், லெவோடோபாவைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் தேவைப்படவில்லை, படுத்தவர் எழுந்து நடந்தார். நோயின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும் மருந்து என்றால் அது இந்த 1க்கும் 2க்கும் நடுவில் காணாமல் போய்விடும்.

அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. 1992ல் லண்டனில், உயிரோடிருந்தபோது பார்க்கின்சன் என்று முடிவுகட்டிய 100 பேரின் மூளைகளை இறந்தபின் பார்த்தார்கள். 76 பேருக்குத்தான் அது இருந்தது. மருந்துச் சோதனைகளிலும் ஆரம்பக்கட்ட நோயாளிகள் என்று சேர்த்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் டோபமைன் ஸ்கேன் சாதாரணமாக வந்த கதைகள் உண்டு. நோயே இல்லாதவருக்கு அந்த நோயின் மருந்தைக் கொடுத்து "பலனில்லை" என்று எழுதினால் மருந்தின் மேல் என்ன குற்றம்?

இதை மாற்றியது எது? 2010ல் தொடங்கிய பி.பி.எம்.ஐ. என்கிற நீண்டகாலத் திட்டம். வருஷக்கணக்காக ஆட்களைப் பின்தொடர்ந்து ரத்தம், தண்டுவட நீர், ஸ்கேன் என்று சேர்த்துக்கொண்டே போவதுதான் வேலை. மருந்தும் இல்லை, தலைப்புச் செய்தியும் இல்லை. நீங்கள் குறை சொல்லும் அந்த ஃபாக்ஸ் அறக்கட்டளைக் காசில் ஒரு பெரும் பங்கு இதற்குத்தான் போனது. 2023ல் அதே மாதிரிகளை, 1,123 பேருடையதை, வைத்துத்தான் தண்டுவட நீரில் ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதம் கோணலாக மடிந்திருக்கிறதா (இந்த நோயின் அடையாளம் அது) என்று பார்க்கும் சோதனை நிலைநின்றது. பார்க்கின்சன் உள்ளவர்களில் நூற்றுக்கு 88 பேர் அளவில் பிடித்துவிட்டது. அறிகுறி வருவதற்கு முன்பே சிலரிடம் காட்டியது.

ஆனால் அது இருக்கு, இல்லை என்று மட்டும் சொல்லும். எவ்வளவு முற்றியிருக்கிறது என்று சொல்லாது. நமக்கு வேண்டியது இரண்டாவது. அதற்கு இன்னும் காசு வேண்டும், அந்தக் காசைக் கேட்டால் யாருக்கும் கண்ணில் ஒளி வருவதில்லை.

பிப்ரவரி 21

சிரிக்க ஒன்று. 2015ல் 12 பார்க்கின்சன் நோயாளிகளிடம் இரண்டு ஊசி மருந்துகள் என்று சொல்லிப் போட்டார்கள். ஒன்று 100 டாலர், இன்னொன்று 1,500 டாலர், இரண்டும் ஒரே குணம் என்று விளக்கம். இரண்டிலும் இருந்தது வெறும் உப்புத்தண்ணீர். "விலை கூடின" தண்ணீருக்கு உடம்பு இன்னும் நன்றாக அசைந்தது.

இதில் ஏமாற்று மட்டும் இல்லை. 2001லேயே வான்கூவர் ஆய்வு காட்டிவிட்டது: மருந்து வரப்போகிறது என்ற நம்பிக்கையிலேயே நோயாளியின் மூளை நிஜமான டோபமைனைச் சுரக்கிறது. மற்ற நோய்களில் நம்பிக்கை ஆறுதல் தரும், இந்த நோயில் நம்பிக்கை அந்த மருந்தையே தயாரிக்கிறது! ஒப்பீடு இல்லாத சின்னச் சோதனைகள் பல வெற்றி போலத் தெரிந்து, பெரிய சோதனையில் தோற்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால்தான் பெரிய சோதனைக்கு அத்தனை செலவு.

மார்ச் 3

சில வருஷங்களுக்கு முன் நோயாளிக் குடும்பத்தின் தரப்பில் ஒரு நிதிக்குழுவுக்கு விண்ணப்பங்கள் படித்துக் கொடுத்தேன். பெயர் வேண்டாம். விஞ்ஞானம் பாதி புரியாது, ஆனால் நம்மைக் கேட்பது "இது உங்களுக்கு முக்கியமா?" என்றுதான், அதற்குப் பதில் சொல்லலாம்.

எல்லா விண்ணப்பத்துக்கும் முதல் பத்தி ஒன்றே. உலகில் 85 லட்சம் பேருக்கு மேல், 25 வருஷத்தில் இரட்டிப்பு, தீர்வு அவசரத் தேவை. (உலக சுகாதார நிறுவனத்தின் 2019 கணக்கு அது, சரியான கணக்குதான், ஆனால் அடுக்கடுக்காகப் படித்தால் மந்திரம் சொல்கிற மாதிரி ஆகிவிடும்.) இரண்டாம் பத்தியில் ஒரு மூலக்கூறு. கடைசிப் பத்தியில் "நோயை நிறுத்தும் சிகிச்சைக்கு வழிவகுக்கும்".

அதில் ஒன்று மட்டும் வித்தியாசமாக இருந்தது. உறைநிலைப் பெட்டிகளில் கிடக்கும் பழைய ரத்த மாதிரிகளுக்கு ஒழுங்கான பதிவேடு போட, ஒரு தொழில்நுட்ப உதவியாளருக்குச் சம்பளம் கேட்டிருந்தார்கள். எந்தப் பெட்டியில் யாருடைய மாதிரி, அவர் அன்று காலை மாத்திரை போட்டிருந்தாரா, எத்தனை முறை உருகி உறைந்தது, இவ்வளவுதான். வந்த விண்ணப்பங்களிலேயே மிகக் குறைந்த தொகை. நான் அதிக மதிப்பெண் போட்டேன். "புதுமை இல்லை" என்று தள்ளிவிட்டார்கள். புதுமை இல்லைதான், ஆனால் என் அம்மாவின் ரத்தமும் இப்படி ஏதோ ஒரு பெட்டியில்தான் இருக்கிறது. காலையில் மாத்திரை போட்டாரா இல்லையா என்று எழுதி வைக்காவிட்டால் அதைச் சாக்கடையில் ஊற்றலாம்.

மார்ச் 4

"குழுவில் இருந்து நீங்கள் கோபப்பட்டு வெளியேறினீர்களா?" இல்லை, சார். காலம் முடிந்தது, வந்துவிட்டேன். அவர்கள் கெட்டவர்களும் இல்லை. நன்கொடையாளர் கேட்பது தீர்வு, அதனால் குழு தீர்வை விரும்புகிறது, அதனால் விண்ணப்பிப்பவர் தீர்வு என்று எழுதுகிறார். கயிறு எந்த முனையில் தொடங்குகிறது என்று பார்த்தால் நம் கையில்தான் இருக்கிறது.

மார்ச் 17

காப்புரிமை இல்லாத மருந்துகள் பற்றிக் கேட்டவருக்கு.

ஆம்பிராக்சால். இருமல் மருந்துதான், பல நாடுகளில் சீட்டு இல்லாமலே வாங்கலாம். செல்லுக்குள் குப்பை அள்ளும் ஒரு நொதியை இது தூக்கிவிடுகிறது, அந்த நொதிக்கான ஜி.பி.ஏ.1 மரபணுவில் கோளாறு இருந்தால் பார்க்கின்சன் வரும் வாய்ப்புக் கூடும். லண்டனில் 17 பேரிடம் பார்த்து 2020ல் முடிவு வெளியிட்டார்கள்: மூளைக்குள் போகிறது, ஆபத்தில்லை. அடுத்த கட்டம், 330 பேர், இரண்டு வருஷம், 2025ல்தான் ஆள் சேர்க்க ஆரம்பித்தது. நடுவில் ஐந்து வருஷம். பழைய மருந்தில் எந்தக் கம்பெனிக்கும் லாபம் கிடையாது, எனவே அறக்கட்டளைகளும் நோயாளிக் குடும்பங்களும்தான் இதற்குத் துண்டு விரித்துக் காசு சேர்க்கவேண்டியிருக்கிறது.

கிரியாட்டினும் இப்படித்தான், உடற்பயிற்சிக்காரர்கள் சாப்பிடும் பொடி. அமெரிக்க அரசுப் பணத்தில் 1,741 பேரிடம் சோதித்து, பலனில்லை என்று 2013ல் நிறுத்தினார்கள். அரசு தராவிட்டால் இன்றைக்கும் நாமெல்லாம் அதை வாங்கி நக்கிக்கொண்டிருப்போம். உடற்பயிற்சி ஆய்வுகள் இன்னும் பரிதாபம். நடைப்பயிற்சிக்கு யார் காப்புரிமை வாங்குவது?

அப்புறம் பூனைக்காலி. இதன் விதையில் லெவோடோபா இருப்பதைப் பிரித்தெடுத்துக் காட்டியது 1937ல், சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரனும் ராமசாமியும். கார்ல்சனின் முயல்களுக்கு 20 வருஷம் முன்னால்! அவரைக்குடும்பத்தின் இன்னொரு விதையிலிருந்து 1913லேயே ஐரோப்பாவில் எடுத்துவிட்டார்கள். மருந்து கையில் இருந்தது, எந்த நோய்க்கு என்று தெரியாமல் இருந்தது. அதன்பிறகு வந்த பூனைக்காலிச் சோதனைகளை எண்ணிப் பாருங்கள், பத்து இருபது பேர் அளவிலானவைதான் பெரும்பாலும். விலை மலிவு, வேலை செய்கிறது, மாத்திரை வாங்க வழியில்லாத நாடுகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும், ஆனால் பெரிய சோதனைக்கு ஆள் இல்லை.

மார்ச் 17, சற்று நேரம் கழித்து

பூனைக்காலிப் பொடி எங்கே கிடைக்கும் என்று அதற்குள் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்! நான் வைத்தியன் இல்லை. அதில் இருப்பது நிஜ லெவோடோபா என்பதால்தான் எச்சரிக்கையே. ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒவ்வொரு அளவு இருக்கும், ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர் மேலே இதையும் சேர்த்தால் உடம்பு முறுக்கிக்கொள்ளும், மனப்பிரமைகூட வரும். உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள்.

ஏப்ரல் 2

பிரின் பற்றி. "ஒரு கோடீஸ்வரனின் மரபணுவுக்காக உலக ஆராய்ச்சியே திரும்பிவிட்டது" என்று எழுதியிருந்தார்கள். எனக்கும் அந்த உறுத்தல் உண்டு. எல்.ஆர்.ஆர்.கே.2 மரபணுவில், பார்க்கின்சன் வரும் வாய்ப்பைக் கூட்டும் ஜி2019எஸ் என்ற மாற்றம் தனக்கு இருப்பதை 2008ல் அவரே எழுதினார், அவர் அம்மாவுக்கு நோய் இருந்தது. உலகப் பார்க்கின்சன் நோயாளிகளில் இந்த மாற்றம் உள்ளவர்கள் நூற்றுக்கு ஓரிருவர்தான். அதே மரபணுவைச் சுற்றி இன்று எத்தனை மருந்துகள், எத்தனை ஆய்வகங்கள்! மற்ற 98 பேருக்கு யார் பணக்காரர்?

இப்படி எழுதி முடித்திருப்பேன். ஆனால் அதே பிரின் குடும்பக் காசில் நடக்கும் திட்டம் ஒன்று இதுவரை யாரும் கண்டுகொள்ளாத மக்களின் மரபணுக்களைத் திரட்டுகிறது. 2023ல் நைஜீரியாவில் அதன் வழியாக ஜி.பி.ஏ.1 மரபணுவில் ஒரு புது மாற்றம் அகப்பட்டது. ஐரோப்பியர்களிடம் அநேகமாக இல்லாதது, ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் சாதாரணமாகக் காணப்படுவது. இருபது வருஷமாக வெள்ளையர் ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது தெரிய வழியே இல்லை.

ஆக, பணக்காரர் நினைத்தால் சீக்கிரம் நடக்கிறது. அவர் மனசு மாறினால் சீக்கிரம் நின்றும் போகும், அதுதான் பயம். கம்பெனிகளும் அப்படியே. 2018 ஜனவரியில் ஃபைசர் பார்க்கின்சன், அல்சைமர் மருந்துத் தேடலையே மூட்டை கட்டியது, 300 பேருக்கு வேலை போனது. பயோஜென் 2021ல், ஆல்ஃபா சைனுக்ளினைக் குறிவைத்த தன் மருந்தைப் பலனில்லை என்று நிறுத்தியது. அரசாங்கம் நிதானமாக நகரும், ஆனால் ஓடாமலாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன். 2025 பிப்ரவரியில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம், பல்கலைக்கழகங்களுக்குக் கொடுக்கும் மறைமுகச் செலவை 15 சதவீதமாகக் குறைக்கிறேன் என்று ஓர் இரவில் அறிவித்தது. வழக்குப் போட்டு நீதிமன்றத்தில்தான் தடுத்தார்கள். மறைமுகச் செலவு என்றால் வீண் செலவு என்று நினைக்கிறவர்கள் மேலே உறைநிலைப் பெட்டி பற்றி எழுதியதைப் படிக்கவும். அதன் மின்கட்டணம் அந்தக் கணக்கில்தான் வரும்.

2024ல் அமெரிக்காவில் பார்க்கின்சனுக்கென்றே முதல் தேசியத் திட்டச் சட்டம் கையெழுத்தானதே என்று ஒருவர் நினைவூட்டினார். ஆமாம், மகிழ்ச்சி. திட்டம் போடச் சொல்கிற சட்டம் அது. பணம் ஒதுக்குவது தனி வேலை.

ஏப்ரல் 18

"வந்துவிட்டது!" என்று நேற்றிலிருந்து எல்லோரும் அனுப்புகிறீர்கள். நேச்சரில் ஒரே நேரத்தில் இரண்டு கட்டுரைகள். கியோட்டோவில் 7 பேர், அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 12 பேர், ஆய்வகத்தில் வளர்த்த டோபமைன் செல்களை மூளையில் வைத்திருக்கிறார்கள். செல்கள் உயிரோடு இருக்கின்றன, பெரிய ஆபத்து எதுவும் தெரியவில்லை. எனக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் பிப்ரவரி 21ல் எழுதிய உப்புத்தண்ணீரை மறக்காதீர்கள். இந்த 19 பேருக்கும் எது செய்தார்கள் என்று தெரியும், ஒப்பிட யாரும் இல்லை. கருவிலிருந்து எடுத்த செல்களை வைப்பதற்கு அமெரிக்காவில் அரசுப் பணம் கூடாது என்ற தடை 1993ல் நீங்கியது. அதன்பின் 40 பேரிடம் சோதனை நடந்தது, பாதிப் பேருக்கு மண்டையில் துளை மட்டும் போட்டு, செல் வைக்காமல் மூடினார்கள். 2001ல் முடிவு: எதிர்பார்த்த பலன் தெரியவில்லை, செல் வைத்தவர்களில் சிலருக்கு, மாத்திரையை நிறுத்தினாலும் நிற்காத உடல் முறுக்கு வந்துவிட்டது. அதற்கு முந்தைய, ஒப்பீடு இல்லாத சோதனைகள் பலவும் நல்ல பலன் என்றே பேசின.

மண்டையில் சும்மா துளை போடுவதா, அக்கிரமம் இல்லையா என்று கேட்பார்கள். அம்மாவிடம் கேட்டேன். "எனக்குச் சும்மா போட்டாலும் பரவாயில்லை, ஆனா யாருக்குச் சும்மா போட்டாங்கன்னு கடைசியிலயாவது சொல்லணும்" என்றார். அவருடைய சோதனையில் அதை இன்றுவரை சொல்லவில்லை. இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பிப் பார்த்தேன். கலந்துகொண்டவர்களுக்கான நன்றிக் கடிதம் மட்டும் வந்தது. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்பவர்கள் முதலில் இதைச் சரிசெய்யட்டும், இதற்குத் தபால் செலவுதான்.

மே 6

சின்னக் காசு என்ன செய்யும் என்று கேட்டீர்கள். ஜாய் மில்ன் கதை பலருக்குத் தெரியும். ஸ்காட்லாந்துச் செவிலியர். நோய் தெரிவதற்குப் பல வருஷம் முன்பே கணவரிடம் ஒரு கஸ்தூரி வாடை மாற்றத்தை உணர்ந்தவர். எடின்பரோவில் டிலோ குனாத் என்ற விஞ்ஞானி பேசிய கூட்டத்தில் எழுந்து, பார்க்கின்சன்காரர்கள் வாடை வேறாக இருப்பது ஏன் என்று கேட்டார். குனாத் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு 12 சட்டைகள், பாதி நோயாளிகள் அணிந்தவை. ஜாய் முகர்ந்து பார்த்து ஆறு பேரையும் சரியாகச் சொன்னார், கூடவே நோய் இல்லாத ஒருவரையும் "இவருக்கும் இருக்கிறது" என்றார். சில மாதத்தில் அந்த ஆளுக்கும் பார்க்கின்சன் என்று தெரிந்தது. அதன் தொடர்ச்சியாக மான்செஸ்டரில் தோலின் எண்ணெய்ப் பசையிலிருந்து நோயைக் கண்டுபிடிக்கும் வேலை நடக்கிறது.

பன்னிரண்டு சட்டை! நிதிக்குழுவில் இது வந்திருந்தால் நானே சிரித்துத் தள்ளியிருப்பேனோ என்னவோ.

மே 7

தடுப்பு பற்றி ஏன் எழுதவில்லை என்றால், எழுதினால் ரத்தக் கொதிப்பு வரும். டிரைகுளோரோஎத்திலீன் என்ற தொழிற்சாலை ரசாயனம் கலந்த தண்ணீரைக் குடித்த அமெரிக்க ராணுவ முகாம் ஆட்களுக்கு, வேறு முகாமில் இருந்தவர்களைவிட பார்க்கின்சன் அபாயம் 70 சதவீதம் கூடுதல் என்று 2023 ஆய்வு சொல்கிறது. பாராகுவாட் என்ற களைக்கொல்லியின் மீதும் பல வருஷமாகச் சந்தேகம் உண்டு. வராமல் தடுத்தால் விற்க ஒன்றும் இல்லை, வராமல் போனவர் நன்கொடை தரவும் மாட்டார். சரி, நிறுத்திக்கொள்கிறேன்.

ஜூன் 1

முதலில் கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, பாதியைப் பராமரிப்புக்கும் பாதியை, இறந்தவர்களின் மூளையை ஆராய்ச்சிக்காகச் சேமிக்கும் மூளை வங்கி ஒன்றுக்கும் தரப்போவதாக எழுதியிருக்கிறார். நல்ல தேர்வு, எரிங்கரும் ஹார்னிகீவிச்சும் கைவைத்ததும் அப்படிப்பட்ட மூளைகளில்தான். இரண்டு விஷயம் மட்டும். ஒன்று, அவர்களுக்குப் பணத்தோடு மூளையும் வேண்டும், அதிலும் நோய் இல்லாதவர்களின் மூளைக்குத்தான் பஞ்சம். ஒப்பிட வேண்டுமே. நோயாளியின் கணவர், மனைவி, அண்ணன் தம்பி எல்லோரும் பதிவு செய்யலாம். இரண்டு, பதிவு செய்தால் வீட்டில் சொல்லிவைக்கவும். இறந்த ஓரிரு நாளுக்குள் எடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் பீரோவைத் திறந்து படிவம் தேடுகிற நிலையில் யாரும் இருக்கமாட்டார்கள், தொலைபேசி எண்ணை வெளியே ஒட்டிவைப்பது நல்லது. நானும் அம்மாவும் ஒரே நாளில் பதிவு செய்தோம். படிவத்தில் "தற்போது உட்கொள்ளும் மருந்துகள்" என்று ஒரு கட்டம் இருக்கும், எந்த நேரத்தில் சாப்பிடுகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.